சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளை

அரிசி விலை ஏறிவிட்டதென்று கொழும்புப் பக்கம் கடைகளை அடைத்து, ரயிலை மறித்து, ஊரே கலங்கிப்போனதே, அந்த ஆடி மாதத்தில் நடந்தது இது. லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் எதையும் அடைக்கவில்லை. அடைப்பதற்கு எங்களிடம் கடையா இருந்தது. கொட்டகலை ஸ்டேசனுக்கு வண்டி வரவில்லை என்று கேள்விப்பட்டோம், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது அரிசிக் கவலை. எனக்குத் தபால் கவலை. வண்டி வராவிட்டால் தபால் வராது. ஆறு மாதமாக நான் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தேன்.

அந்தக் கடிதம் வந்தால்தான் என் பையனுக்குச் சோறு.

இதை ஏன் உங்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் நான் எழுந்து நடந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இதை உட்கார்ந்த இடத்தில் சொல்ல எனக்கு வராது.

பையனுக்கு அப்போது பத்து மாதம் முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அவன் நாக்கில் அதுவரை ஒரு பருக்கை பட்டதில்லை. படக்கூடாது என்று சொன்னவன் நான்.

அவனுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆறாம் மாதம் எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி கஞ்சி கொடுத்தோம். நன்றாகத்தான் குடித்தது. ஏழாம் மாதம் வயிற்றால் போக ஆரம்பித்து மூன்றே நாளில் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஊரிலிருந்து என் அண்ணன் கடிதம் எழுதினார். ஊர் என்றால் திருச்சிப் பக்கம், துறையூருக்கும் அந்தப்புறம். அண்ணன் முன்னமே திரும்பிப் போய்விட்டவர். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆபீசில் கிளாக்கர் ஐயாதான் வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாக வாசிப்பார். நம் வகையறாவில் பிள்ளைக்கு முதல் சோறு கருப்பண்ணசாமி வாசலில்தான் ஊட்டுவது, நீ அதை மறந்தாய், சாமி தன் கணக்கை எடுத்துக்கொண்டது என்று எழுதியிருந்தது.

கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதுகளை மனசில வையாதையும்" என்றார்.

வைக்காமல் இருக்க முடியுமா. பையன் பிறந்த அன்றே ஒரு பிடி அரிசியை மஞ்சள் துணியில் முடிந்து, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் அறைக் கூரைக் கம்பில் கட்டினேன். இந்த அரிசிதான் உன் வாசலில் பொங்கி இவனுக்கு முதல் வாய் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாம் மாதம் கிளாக்கர் ஐயாவைப் பிடித்து, மூன்று பேரும் ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டு மனு எழுதவைத்தேன். முன்னெல்லாம் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினால் ஊர். எங்கள் ஓட்டுரிமையைப் பிடுங்கிய பிறகு அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. சோறு கூடாது, சரி. ரொட்டி ஆகுமா? கேப்பைக் கூழ்? கிழங்கு? வாழைப்பழம்? யாரைக் கேட்பது. கேட்டு யாராவது ஆகும் என்று சொல்லி, கொடுத்து, பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்? பல்லுக்கு வேலை வைக்கிற எதுவும் வேண்டாம், பால் மட்டும் போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். பையனுக்கு அப்போது பல் வராததால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்குமுன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட வேண்டும். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஒரு நீள அறை அது. ஒரு பக்கம் சாக்குத் தொட்டில்கள், ஒரு பக்கம் அடுப்பு. பார்த்துக்கொண்ட பெண்ணைப் பெரியவர் சின்னவர் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தேத்தண்ணி நேரத்துக்கு என் மனைவி கூடையை மலையிலேயே கழற்றி வைத்துவிட்டு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். அந்த மலை ஏறி இறங்கினால் குடித்த தேத்தண்ணியே வேர்த்துப் போய்விடும், அதில் பால் எங்கே ஊறுவது. எட்டாம் மாதத்திலிருந்து பால் குறைந்துவிட்டது. காம்பராவில் கரைத்துக் கொடுக்கிற பாலும் தண்ணீர் மாதிரி இருக்கும்.

"புள்ள நெஞ்சுக்குள்ள எலும்பு எண்ணலாம் போல இருக்குங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"கடுதாசி வந்துரும்."

"வரட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் கூழாவது."

"மொதப் புள்ளைக்கு என்ன கொடுத்தோம்? நெனச்சுப் பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு பேச்சை வைத்து நான் அவளை எத்தனை தடவை வாயை மூடவைத்தேன் என்று இப்போது யோசித்தால், இருங்கள், கொஞ்சம் அந்தக் கதவுவரை நடந்துவிட்டு வருகிறேன்.

நான் அப்போது கவ்வாத்து வெட்டு. தேயிலையை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலை. கத்தி நன்றாகத் தீட்டியிருந்தால் பதினொரு மணிக்கெல்லாம் என் பங்கை வெட்டி முடித்துவிடுவேன். முடித்த கையோடு ஆபீசுக்கு ஓட்டம். குறுக்கு வழியில் ஏறினால் ஓடை, அட்டை, எல்லாம். காலில் அட்டை தொங்கத் தொங்க ஆபீஸ் வாசலில் நிற்பேன்.

"ஐயா, ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"நேற்றும் வந்தனீர். முந்தநாளும் வந்தனீர். வந்தா நான் ஆள் விட்டுச் சொல்லுவன்தானே. போம், போய்க் காலைக் கழுவும், படியெல்லாம் ரத்தம்."

அவர் திட்டினாலும் அடுத்த நாள் போவேன். வண்டி மறியல் முடிந்து தபால் வர ஆரம்பித்த பிறகு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வீட்டில் உட்கார்ந்தால் கூரைக் கம்பில் மஞ்சள் துணி கண்ணில் படும். வெளியே நின்றால் பக்கத்து அறைப் பிள்ளைகள் ரொட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு தவழ்வது கண்ணில் படும். எங்கே நிற்பது. நடந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் சாயந்திரம் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், என் மனைவி தன் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நகரவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையைக் காலிச் சாக்கில் வைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, இவனையும் ஒங்கணக்குல சேக்கவா?"

"எத்தன றாத்தல்னு மட்டும் சொல்லுங்கய்யா."

"பதினாலு. மழ நாளு. ஈரத்துக்கு ரெண்டு றாத்தல் கழிச்சிருவேன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "கழிக்கிறதுக்கு அதுல என்னய்யா இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் கொட்டகைக்கு வெளியே மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்துக்கு முன்னாலும் அதே தராசில் பதினாலுதான் காட்டியது என்று அவள் வழியில் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் நிறுத்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் இவள் கணக்கு வைத்திருக்கிறாள் என்று கோபம்தான் வந்தது. மனுசன் புத்தியைப் பாருங்கள்.

அதற்கு அப்புறம் நாலைந்து நாளில் கடிதம் வந்துவிட்டது. கிளாக்கர் ஐயா சொன்னபடியே ஆள் விட்டார். கத்தியைக்கூட உறையில் போடாமல் ஓடினேன். அவர் ஒரு தடவை தனக்குள் வாசித்தார், பிறகு எனக்குச் சொன்னார்.

"போகலாமாம்."

நான் அப்போதே வாசல் பக்கம் திரும்பிவிட்டேன்.

"பொறும். போறதுக்குத் தடையில்லையாம். திரும்பி வாறதுக்கு உத்தரவாதம் தரேலாதாம். போனா அங்கேயே இருக்க வேண்டி வந்தாலும் வரும். விளங்குதே?"

"கோயிலுக்குப் போய்ட்டு பத்து நாள்ல வந்துருவோமே ஐயா."

"அது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். கடிதாசிக்குத் தெரியாதே." கடிதத்தை மேசையில் வைத்தார். "இன்னொரு மனு எழுதலாம். இன்னொரு ஆறு மாசம் போகும். உம்மட பெடியன் என்ன சாப்பிடுறான் இப்ப?"

"பாலுங்க."

"பாலும்?"

"பாலுதாங்க."

அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

ஆபீசிலிருந்து லயத்துக்குப் போகிற வழியில்தான் பிள்ளைக்காம்பரா. நான் பகலில் அந்தப் பக்கம் போனதில்லை. ஆம்பிளைகள் போகிற இடமில்லை. அன்றைக்குக் கால் தானாகப் போனது. போய் என்ன செய்வதென்று தெரியாது. பையனைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது நடக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தகரத் தட்டில் பருப்புச் சோறு, சிலதின் கையில் ரொட்டி. என் பையன் வட்டத்தில் இல்லை. மூலையில், சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, எதுக்கு இவன அந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?"

அக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "நீங்க சொல்லித்தான் தம்பி. வாயில எதுவும் படக்கூடாதுன்னீங்க. இந்தப் பக்கம் பாத்தா தவந்து வந்து மத்ததுக தட்டுல கை வக்கிறான். கைய எத்தன தடவ புடிச்சு எடுக்கிறது. சொவத்தப் பாத்தா சும்மா இருக்கான்."

நான் பக்கத்தில் போய்க் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். சும்மா இல்லை. மென்றுகொண்டிருந்தான். பின்னால் பிள்ளைகள் மெல்லுகிற சத்தம் கேட்கக் கேட்க இவன் வாயும் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. எப்போது முளைத்ததென்று எனக்குத் தெரியவில்லை.

என் மடியில் பகல் சாப்பாட்டு ரொட்டி இருந்தது, துணியில் சுற்றியபடி. கோதுமை மா ரொட்டி, நடுவில் தேங்காய்ச் சம்பல். கடிதத்துக்காக ஓடியதில் தின்னவில்லை. கருப்பண்ணசாமி நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பெண்பிள்ளையும் நினைவுக்கு வந்தது. கை நிற்கவில்லை. சம்பல் படாத ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து அவன் வாயில் வைத்தேன்.

பெரிய துண்டு. அவனுக்கு விழுங்கத் தெரியவில்லை, நாக்கால் வெளியே தள்ளத் தெரிந்தது, அதற்குள் உள்ளே போய்விட்டது. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. சத்தமே வரவில்லை. சாமி கணக்கை எடுக்கிறது என்று நினைத்தேன். நான் அசையவே இல்லை, தம்பி. அக்காதான் பாய்ந்து வந்து பிள்ளையைத் தன் முழங்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். துண்டு தரையில் விழுந்தது. பையன் வீறிட்டான்.

"அறிவு இருக்கா ஒங்களுக்கு? பால் குடிக்கிற புள்ளைக்குக் கவ்வாத்துக்காரன் வாய் அளவுக்கா குடுப்பாங்க? அந்தக் கத்தியத் தூக்கி வெளிய வைங்க மொதல்ல."

கத்தி இன்னும் கையில் இருந்தது. வெளியே வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அவள் ரொட்டியின் உள்பக்கத்து மிருதுவை எடுத்து, ஆறிய தேத்தண்ணியில் நனைத்து, இரண்டு விரலால் மாவாகப் பிசைந்துகொண்டிருந்தாள். மிளகு அளவு எடுத்து அவன் கீழ் உதட்டுக்குள் தடவினாள். அழுகை பாதியில் நின்றது. நாக்கு வெளியே வந்து தேடியது.

"இப்பக் குடுங்க நீங்க. இம்புட்டுத்தான். முழுங்கினப்புறம் அடுத்தது. வாயத் தொறந்தா மட்டும். தலயத் திருப்பினா விட்டுறணும்."

"காச்ச கீச்ச வராதாக்கா?"

"பசியில வராத காச்சலா ரொட்டியில வரப்போவுது."

கொடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் என் விரலைச் சேர்த்துக் கடித்தான். இரண்டே பல், ஊசி மாதிரி. நாலாவதுக்குக் கையை நீட்டினான். ஐந்தாவது நான் பிசையுமுன் அக்கா தட்டை எடுத்துவிட்டாள். "இன்னைக்குப் போதும். கொடல் பழகணும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தேன். லயத்து வாசலில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தேன். பத்து நடைக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். துணியை அவிழ்த்துப் பார்ப்பேன். பக்கத்து அறைக்காரர், "என்ன மாப்ள, தேர இழுக்குறியா?" என்று கேட்டார். திரும்பி நடந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு அவள் வரும்வரை அப்படித்தான்.

அவள் கூடையை இறக்குமுன்னே பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். தாய்க்கு எப்படித்தான் தெரியுமோ.

"என்ன குடுத்தீங்க?"

"ரொட்டி. தேத்தண்ணில நனச்சு."

"எத்தன வாய்?"

"நாலு."

அவள் வாசல் கல்லில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்தாள். ரொம்ப நேரம் அவிழ்த்தாள். "நாளைக்கு அஞ்சு குடுக்கலாம்" என்றாள். கடிதம் வந்ததா என்று கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

காய்ச்சல் வரவில்லை. அடுத்த நாள் ஐந்து வாய் என்றது ஏழு வாயாகிப் போனது. அந்த வாரம் பூசணிக்காய் அவித்துப் பிசைந்தது. அடுத்த வாரம் உருளைக்கிழங்கு, பருப்புத் தண்ணி, நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள் கொஞ்சம். முதலில் எல்லாம் கூழாக, பிறகு ஒன்றிரண்டாக மசித்து, பிறகு விரலால் அவனே எடுக்கிற மாதிரி சின்னத் துண்டாக. எங்கள் தட்டில் உள்ளதையே, உறைப்பு சேர்க்குமுன் அவனுக்கென்று ஒதுக்கிவிடுவாள். புதிது ஒன்று கொடுத்தால் இரண்டு நாள் அதையே கொடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இதெல்லாம் அக்கா சொன்ன முறை. கருவாட்டை ஒரு தடவை துப்பினான். ஒரு மாதம் கழித்து அதையே கேட்டு அழுதான்.

சோறு மட்டும் நின்றது. அதைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவளும் ஒரு வாரம் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விறகுக்குப் போய் வந்தபோது கூரைக் கம்பில் மஞ்சள் துணி இல்லை. முறத்தில் அந்த ஒரு பிடி அரிசி. வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள செய்யுற?"

"வண்டு தின்னுது. வண்டுக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"அது அந்தச் சாமிக்கு..."

"ஒங்க அப்பாவும் கப்பல்ல வந்தவருதான? அவரு பின்னாடி சாமி வந்திருக்காதா? இவ்வளவு நாளாவா அங்க உக்காந்திருக்கும்?"

கவ்வாத்து மலையில், வெட்டு ஆரம்பிக்குமுன் நாங்கள் கத்தியை வைத்துக் கும்பிடுகிற ஒரு கல் உண்டு. கவ்வாத்துச் சாமி என்போம். சின்னக் கல்தான், முழங்கால் உயரம் வராது. அதற்கு முன்னால் பொங்கி, குழைய மசித்து, அவள் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள, நான் ஊட்டினேன். மூன்று வாய் சாப்பிட்டான். நாலாவது வாயை எடுத்து என் வாயில் வைத்தான். மழை தூறியது, இறங்கி வந்துவிட்டோம். முதல் பிறந்த நாளுக்கு அவள் மறுபடி மடுவத்துக்குத் தூக்கிப் போனாள். பதினாறரை றாத்தல். கணக்கப்பிள்ளை ஈரத்துக்குக் கழிக்கவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். அந்தப் பையன் பெரியவனாகி, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்று சொல்லி எங்கள் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றினார்களே, அதில் போய்விட்டான். கோத்தகிரியில் இருக்கிறான். அவனுக்குப் பேத்தி பிறந்து பத்து மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் போனில் பேசினான். "அப்பா, எனக்கு நீங்க வேண்டிக்கிட்டது நிறைவேறாமப் போச்சுல்ல, பேத்திக்கு மொதச் சோறு கருப்பண்ணசாமி கோயில்லதான், மாசி மாசம் போறோம், அதுவரைக்கும் பாலும் மாவுக் கரைசலுந்தான்" என்றான். சந்தோசமாகச் சொன்னான். மாசிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

வேண்டுதல் பாக்கி என்று அவனிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். மீதியைச் சொல்லவில்லை. அவன் அம்மாவும் சாகும்வரை சொல்லவில்லை. போனில் வாயெடுத்தேன். "சரிப்பா, சரிப்பா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டான். அன்றையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை கோத்தகிரிப் பக்கம் போகிறீர்கள். போனதும் அவனைப் பாருங்கள், மற்ற வேலை அப்புறம். உன் அப்பா உன்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார், நீ வெறும் வாயை மென்றாய் என்று சொல்லுங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நீ சாப்பிட்டதோடு வேண்டுதல் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். கோயிலுக்கு மாசியில் போகட்டும், பிள்ளைக்கு இன்றைக்கே கொடுக்கட்டும். மிளகு அளவுதான் முதலில். அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.